ஐம்பதில் ஓய்வு, அடுத்து யாரோடு?

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே சிறிது தொலைவில் இருக்கும் பர்கூர், மொத்த ஜவுளிக் கடைகளாலும் சுற்றுவட்டாரக் கிரானைட் குவாரிகளாலும் அறியப்பட்ட பேரூர். மாட்டினத்தால் பெயர்பெற்ற ஈரோடு மாவட்டத்து மலைப் பர்கூரோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வானம் பார்த்த நிலங்களில் கேழ்வரகையும் நிலக்கடலையையும் மாமரங்களையும் நம்பியிருந்த இவ்வட்டாரக் குடும்பங்களுக்கு மாதச் சம்பளத்தைப் பழக்கியது ஓசூர். அங்கே அசோக் லேலண்டின் லாரி ஆலையும் டிவிஎஸ் மொபெட் ஆலையும் 1980-ஐ ஒட்டித் தொடங்கப்பட்டன. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் உருவாக்கிய டைட்டன், 1986–87-இல் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியபோது, பள்ளிப் படிப்பை முடித்திருந்த பதினெட்டு வயதையொட்டிய இளைஞர்களைச் சிற்றூர்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்தது. பின்னர் பர்கூர்–போச்சம்பள்ளிப் பகுதியிலேயே சிப்காட் வளாகம் அமைந்து, காலணி ஆலையும், 2021-இல் ஓலா மின்ஸ்கூட்டர் ஆலையும் இயங்கத் தொடங்கின. 1987-இல் பதினெட்டு வயதில் இயந்திரத்தின் முன் நின்றவருக்கு 2027-இல் 58 வயது நிறைகிறது. அந்த முதல் தலைமுறை இப்போது ஆலை வாசலை விட்டு வெளியே வந்துகொண்டிருக்கிறது. அதில் ஒரு பகுதியினர் 58 வரை காத்திராமல் ஐம்பதிலேயே, சிலர் அதற்கும் முன்பே வந்துவிட்டார்கள். அவர்களுடைய பணத்தைப் பற்றிப் பேச வங்கிகளும் காப்பீட்டு முகவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பகல் பொழுதைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை.

ஓய்வு வயதுக்கு முன்பே, நிறுவனம் தரும் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு பணியிலிருந்து விலகுவதை விருப்ப ஓய்வு என்கிறார்கள்; அந்த விருப்பம் முழுக்கத் தொழிலாளியுடையதாகவே இருக்கும் என்பதில்லை என்பதைத் தொழிற்சங்கத்தினர் அறிவார்கள். இந்தியாவில் இதன் பெரிய அலைகளில் ஒன்று பிஎஸ்என்எல் நிறுவனத்தில் எழுந்தது: 2019 நவம்பரில் 50 வயது கடந்தோருக்காக அறிவிக்கப்பட்ட திட்டத்தை ஏற்று, 2020 ஜனவரி 31 அன்று ஏறத்தாழ 78,000 பேர் ஒரே நாளில் பணியை விட்டு வெளியேறினார்கள். தனியார் ஆலைத் தொழிலாளிக்கு வழிகாட்டும் கணக்கு வேறு. 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி முழு ஓய்வூதியம் 58 வயதில்தான் கிடைக்கும். 50 வயதிலிருந்தே பெறலாம் என்றாலும், முன்கூட்டிப் பெறும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறையும். 15,000 ரூபாய்ச் சம்பள உச்சவரம்பின்படி கணக்கிடப்படுவோருக்கு 35 ஆண்டுப் பணிக்குப் பிறகும் மாதம் 7,500 ரூபாய்தான் வரும். எனவே, நுழைவுக் கட்டணமும் ஆண்டுச் சந்தாவும் கேட்கும் மன்றங்களைப் பற்றி இவர்களிடம் பேசுவது பொருந்தாத பேச்சு. இன்னொரு இடைவெளியும் இருக்கிறது. மூத்த குடிமக்கள் என்று 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம் வரையறுப்பது 60 வயதை எட்டியவர்களைத்தான்; ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் வேலையை விட்டவர் முதியோர் அமைப்புகளுக்கு இளையவர், இளைஞர் மன்றங்களுக்கு முதியவர். உழைக்கும் வலு குறையாத உடம்போடு அவர் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமல் நிற்கிறார்.

சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி, ஓய்வு என்பதை ஒரு நாளில் முடியும் நிகழ்ச்சியாகப் பார்க்காமல், பல கட்டங்களாக நீளும் ஓர் அனுபவமாக 1976-இல் விவரித்தார். வேலை இல்லை என்ற விடுதலையில் மனம் திளைக்கும் முதல் சில மாதங்களைத் தேனிலவுக் கட்டம் என்றும், அதன் பின் பொழுது நீண்டு வெறுமை தட்டும் காலத்தை ஏமாற்றக் கட்டம் என்றும், அதிலிருந்து மீண்டு நாளைப் புதிதாக வகுத்துக்கொள்ளும் காலத்தை மறுசீரமைப்புக் கட்டம் என்றும் அவர் குறித்தார். எல்லோரும் எல்லாக் கட்டங்களையும் கடப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. பர்கூர் வட்டாரத்தில் முதல் கட்டம் எப்படிக் கழிகிறது என்பது வெளிப்படை: பாதியில் நின்ற வீட்டைக் கட்டி முடிப்பது, மகளின் திருமணம், ஆழ்துளைக் கிணறு, இரண்டு கறவை மாடுகள், திருப்பதிப் பயணம். இவை முடிந்த பிறகு வரும் செவ்வாய்க்கிழமைக் காலை பதினொரு மணிதான் பிரச்சினை.

அந்தப் பதினொரு மணியை ஆலை முப்பது ஆண்டுகளாக நிரப்பி வைத்திருந்தது. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், நைட் ஷிப்ட் என்ற சுழற்சி உடம்பின் தூக்கத்தைக் கெடுத்தாலும், யாரோடு பேசுவது என்ற கேள்வியே எழாமல் பார்த்துக்கொண்டது. கம்பெனிப் பேருந்தில் ஒரே இருக்கையில் பல ஆண்டுகள் அருகருகே அமர்ந்து வந்தவர்கள், கேன்டீனில் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள், ஆயுத பூஜைக்கு ஒரே லேத்துக்குச் சந்தனம் வைத்தவர்கள் ஆகியோரின் உறவு, நட்பு என்று பெயர் சூட்டத் தேவையில்லாத உறவு. மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இத்தகைய உறவுகளை வலுக்குறைந்த பிணைப்புகள் என்று அழைத்தார்: நெருங்கிய சொந்தமும் உயிர் நண்பரும் அல்லாத, முகம் பார்த்துப் பேசும் அளவிலான அறிமுகங்கள். புதிய செய்திகளும் வாய்ப்புகளும் நெருங்கியவர்களைக் காட்டிலும் இவர்கள் வழியாகவே மனிதரை வந்தடைகின்றன என்பது அவருடைய வாதம். ஓய்வு முதலில் அறுப்பது இந்தப் பிணைப்புகளைத்தான். ஓசூரிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கும் அப்பால் பர்கூரை ஒட்டிய சிற்றூருக்குத் திரும்பிவிட்டவரின் பேருந்துத் தோழர் ஊத்தங்கரையில் இருப்பார், மேசைத் தோழர் மாலூரிலோ குப்பத்திலோ இருப்பார். மூன்று மாநிலங்கள் சந்திக்கும் எல்லைப் பகுதியின் ஆலைக்குள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து ஒலித்த பேச்சு, வாட்சப் குழுவில் காலை வணக்கப் படங்களாகச் சுருங்கிவிடும்.

இதைவிடக் கூர்மையான இழப்பு ஒன்று உண்டு, அதைப் பற்றிப் பொதுவில் பேசத் தயக்கமும் உண்டு. கேன்டீன் மேசையில் சாதி பார்த்து இடம் ஒதுக்கப்படவில்லை. ஊரும் காலனியும் தனித்தனியாகக் கிடக்கும் கிராமத்திலிருந்து சென்றவருக்கு, ஆலைதான் பெரும்பாலும் முதல் பொது இடமாக இருந்தது. ஓய்வு பெற்றதும் அவர் மறுபடி ஊர்த் தலைக்கட்டு வரிக்குள், அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயில் திருவிழாவுக்காக வசூலிக்கப்படும் பங்குக் கணக்குக்குள், தம் தெருவுக்குள், தம் சொந்தக்காரர்களுக்குள் திரும்புகிறார். எனவே, ஓய்வுக்குப் பிந்தைய குழுக்கள் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி பொழுதுபோக்கைப் பற்றியது மட்டுமாக இருக்க முடியாது. முப்பது ஆண்டுகளில் ஆலை தற்செயலாகக் கலந்துவைத்ததை ஓய்வு மறுபடி பிரித்துவிடாமல் காப்பது எப்படி என்பதும் அதில் அடங்கும். ஜவுளிக்கடைக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக இல்லை. அவர்கள் கல்லாவை மகனிடம் ஒப்படைத்தாலும் கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியை ஒப்படைப்பதில்லை. தொழிலாளியோ கடைசி நாளில் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

நேரம் நிலையானது, வருகை தளர்வானது

குழுவில் சேருங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. முப்பது ஆண்டுகள் வருகைப் பதிவேட்டுக்குக் கட்டுப்பட்டவர், இன்னொரு வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட விரும்புவதில்லை; பேரக் குழந்தையைப் பார்க்கப் பெங்களூரு செல்வது, மாங்காய்ப் பருவத்தில் தோப்பில் காவலிருப்பது, மனைவியின் சிகிச்சை என்று அவருடைய நாட்காட்டி ஆலைக்காலத்தைவிடக் கணிக்க முடியாததாக ஆகிவிட்டிருக்கும். உலகெங்கும் கட்டுப்பாடான சங்கங்கள் இதை உணரத் தொடங்கியுள்ளன. 1905-இல் சிகாகோவில் தோன்றி, வாராந்திரக் கூட்டத்தையும் வருகை விதியையும் தன் அடையாளமாகக் கொண்டிருந்த ரோட்டரி அமைப்பே, 2016-இல் அவ்விதிகளைத் தளர்த்திக்கொள்ளும் உரிமையைக் கிளைகளுக்கு வழங்கியது. ஆனால், தளர்வு என்பதற்கு எல்லாமே அப்போதைக்கு அப்போது முடிவாகும் என்று பொருள் கொண்டால் குழு மூன்று மாதம்கூடத் தாங்காது. நீடிக்கும் குழுக்களை உற்றுப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும்: கூடும் இடமும் நேரமும் மாறுவதில்லை, யார் வருகிறார்கள், எத்தனை முறை வருகிறார்கள் என்பதுதான் மாறுகிறது. இரண்டு மாதம் வராதவர் காரணம் சொல்லாமல் திரும்பி வந்து உட்கார முடிகிறது. பெங்களூரு கப்பன் பூங்காவில் சனிக்கிழமைகளில் புத்தகத்தோடு வந்து, பேசாமல் படித்துவிட்டுக் கலையும் வாசிப்புக் கூட்டம் உறுப்பினர் படிவமோ சந்தாவோ இன்றிப் பரவியதற்குக் காரணமும் இதுதான்.

வீடும் அல்லாத, வேலையிடமும் அல்லாத இத்தகைய பொது இருப்பிடத்தை ரே ஓல்டன்பர்க் 1989-இல் மூன்றாம் இடம் என்று பெயரிட்டு அழைத்தார். அழைப்பின்றிச் செல்லலாம், யாரும் விருந்தாளி அல்லர், பேச்சே அங்கு முதன்மை என்பவை அதன் இலக்கணம். டீக்கடை பெஞ்சும் சலூனும் அரசமரத்தடி மேடையும் அந்த இலக்கணத்துக்குப் பொருந்துபவைதான். அவை ஆண்களுக்கு மட்டுமான இடங்களாக இருப்பதும், அவற்றில் சிலவற்றின் பேச்சு மாலையில் டாஸ்மாக் கடையில் போய் முடிவதும் வேறு கதை.

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் இத்தகைய தளர்ந்த கூட்டின் மிகப் பழைய வடிவம் தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் நடக்கும் மகாபாரத விழாவில், பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நாள்தோறும் நடந்து, கடைசியில் துரியோதனன் படுகளத்தோடும் தீமிதியோடும் நிறைவடைகின்றன. தொழில்முறைக் குழுக்கள் ஆடும் கூத்து ஒருபுறம் இருக்க, ஊர்க்காரர்களே வாத்தியார் ஒருவரை அமர்த்திப் பாடம் கேட்டு நாடகம் போடும் வழக்கமும் இப்பகுதியில் உண்டு. அதில் வேடம் கட்டுபவர், பின்பாட்டுப் பாடுபவர், ஆர்மோனியம் வாசிப்பவர், திரை பிடிப்பவர், அடியெடுத்துக் கொடுப்பவர், வெறுமனே ஒத்திகை பார்க்க வந்து விமர்சனம் செய்பவர் என்று ஒவ்வொருவரின் நேரத்துக்கும் திறமைக்கும் ஏற்ற படிகள் இருக்கின்றன. ஒரு பருவத்தில் கர்ணனாக நின்றவர் அடுத்த பருவத்தில் தாளம் போடுபவராக இருக்கலாம். ஈடுபாட்டின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் இடம் தரும் இந்த அமைப்பை எந்த மேலாண்மை நூலும் இவர்களுக்குக் கற்றுத் தரவில்லை. கோயில் உரிமை, மரியாதை, யார் வேடம் கட்டலாம் என்ற வழக்குகள் இதிலும் உண்டென்பதால், கூத்தை அப்படியே முன்மாதிரியாகக் கொள்ள முடியாது. அதன் படியமைப்பைக் கடன் வாங்கலாம்.

அந்தப் படியமைப்பு வரலாற்றுத் தேடலில் நன்றாகப் பொருந்துகிறது. பர்கூருக்கு அருகிலுள்ள மல்லப்பாடியில் குதிரை வீரர்களைக் காட்டும் வெண்ணிறப் பாறை ஓவியங்கள் 1970-களின் இறுதியில் கண்டறியப்பட்டு, தமிழகப் பாறை ஓவிய ஆய்வுக்கு வழி திறந்தன. பர்கூர் வட்டம் தொகரப்பள்ளியை ஒட்டிய மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுகள், இரும்புப் பயன்பாட்டைக் கி.மு. 2172-க்குக் கொண்டுசெல்வதாக 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இம்மாவட்டத்தின் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள், அதாவது போரிலோ ஆநிரை காத்தோ இறந்த வீரர்களுக்கு எடுக்கப்பட்ட நினைவுக்கற்கள், ஏராளமாகச் சிதறிக் கிடக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்ட வரலாற்று ஆய்வு மற்றும் ஆவணப்படுத்தும் குழுவும், ஓசூரில் அறம் வரலாற்று ஆய்வு மையமும் இவற்றைத் தேடிப் பதிவு செய்துவருகின்றன. ஒரு நடுகல்லைப் பதிவு செய்ய எழுத்தறிஞர் ஒருவர் போதாது: கல் இருப்பதைச் சொல்ல உள்ளூர்க்காரர் வேண்டும், புதரை வெட்டக் கை வேண்டும், கல்லின் மேல் ஈரத்தாளை ஒற்றி மை தடவி எழுத்தைப் படியெடுக்கும் மைப்படி வேலைக்குப் பொறுமை வேண்டும், உயரமும் அகலமும் பிசகாமல் அளக்க வேண்டும். வெர்னியர் பிடித்து மில்லிமீட்டரின் பின்னங்களோடு வாழ்ந்த ஒரு டூல் ரூம் தொழிலாளிக்கு இந்த வேலை அந்நியமாக இருக்காது. பாரூர் ஏரியிலும் கெலவரப்பள்ளி அணையிலும் பறவை பார்ப்பதும் இவ்வகையே. 2015 முதல் தமிழகத்தில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், தாம் நின்ற இடத்தில் கால் மணி நேரம் பார்த்ததைப் பதிந்தாலே பங்கேற்றதாகும்.

அரசுத் திட்டங்களில் சிலவும் இதற்கு இடமளிக்கின்றன. 2023 நவம்பர் 4 அன்று தொடங்கப்பட்ட ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காணப்பட்டது; 2022-இல் வந்த நூலக நண்பர்கள் திட்டத்தில், நூலகம் வர இயலாதவர்களின் வீடுகளுக்குத் தன்னார்வலர்கள் நூல்களைக் கொண்டுசெல்கிறார்கள்; அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கு இடமுண்டு.

பெண்களின் கணக்கு வேறு

இதுவரை சொன்னவற்றில் ‘அவர்’ பெரும்பாலும் ஆணாகவே தோன்றியிருந்தால், அது இத்துறை எழுத்துகளின் பொதுவான குறை. பெண் தொழிலாளி ஆலையை விட்டு வெளியேறுவது ஓய்வு என்று பதிவாவதே அரிது; திருமணம், பிள்ளைப்பேறு, மாமியாரின் பக்கவாதம் என்ற காரணங்களால் முப்பத்தைந்திலோ நாற்பதிலோ நின்றுவிடும் அவர், வேறு வேலைக்கு இடம் மாறுகிறாரே தவிர ஓய்வு பெறுவதில்லை. கணவருடைய ஓய்வு மனைவிக்குக் கூடுதல் வேலையாகவும் முடிகிறது: பகலில் தனக்கென இருந்த இரண்டு மணி நேரமும் அக்கம்பக்கத்தாரோடு பேசும் வாசற்படியும் அவருக்கு இல்லாமல் போகின்றன. கணவர் வெளியே செல்ல ஒரு குழு வேண்டும் என்று மற்றவர்களைவிட அதிகம் விரும்புகிறவர்கள் மனைவியராக இருப்பதில் வியப்பில்லை.

ஆயினும் குழு என்ற ஒன்றைத் தமிழகத்துக்குக் கற்றுக்கொடுத்தது இம்மண்ணின் பெண்கள்தான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கப்பட்ட மாவட்டம், அப்போது கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கியிருந்த தருமபுரி; கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். அன்று முப்பது வயதில் சேமிப்புப் புத்தகம் எடுத்தவர்கள் இன்று அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கிறார்கள். கடனும் தவணையும் கட்டாயமாக இருந்த அக்குழுக்களில் தளர்வு இல்லை. ஆனால், சாதாரண நாளில் வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு காரணம் சொல்ல முடியாத பெண்ணுக்கு ‘குழுக் கூட்டம்’ என்ற இரு சொற்கள் போதுமான காரணமாக அமைந்தன. பெண்களுக்கான தளர்ந்த குழுக்களை அமைக்க நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது: வருவதற்கு மட்டுமன்றி, வருவதற்காக வீட்டில் சொல்வதற்கும் குழு உதவ வேண்டும்.

பட்டறை என்ற யோசனை

ஆலைத் தொழிலாளிகளுக்கு மிக நெருக்கமாக வரும் வெளிநாட்டு முன்மாதிரி ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. விக்டோரியா மாநிலத்தின் டோங்காலா என்ற சிற்றூரில் 1998-இல் தொடங்கப்பட்டது போன்ற ஆண்கள் பட்டறைகள், ஓய்வுபெற்றவர்கள் கூடி மரவேலையும் பழுதுநீக்கமும் செய்யும் பொதுக் கொட்டகைகள். 2007-இல் அவற்றுக்கு நாடளாவிய சங்கம் உருவாகி, இன்று அந்நாட்டில் அவை ஆயிரத்தைத் தாண்டியுள்ளன. முகத்துக்கு முகம் உட்கார்ந்து மனம் திறக்கத் தெரியாத ஆண்கள், தோளுக்குத் தோள் நின்று கைவேலை பார்க்கும்போது பேசுவார்கள் என்பதுதான் அதன் அடிப்படை. ஜப்பானில் 1970-களின் நடுவில் டோக்கியோவில் தொடங்கி, 1986-இல் சட்டத்தின் ஆதரவைப் பெற்ற வெள்ளி மனிதவள மையங்கள், மூத்தோருக்குக் குறுகிய நேர வேலையைச் சிறு ஊதியத்தோடு ஏற்பாடு செய்கின்றன. பிரிட்டனில் 1980-களின் தொடக்கத்தில் வேரூன்றிய மூன்றாம் பருவப் பல்கலைக்கழகத்தில் தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. தெரிந்த உறுப்பினர் தெரியாத உறுப்பினருக்குக் கற்பிக்கிறார். அதன் நிறுவனர்களில் ஒருவரான வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட், வேலைக்கும் தளர்ந்த முதுமைக்கும் இடையில் வரும் திடமான காலத்தையே மூன்றாம் பருவம் என்றார்.

பர்கூரில் இவை மூன்றையும் இணைத்த ஒரு பட்டறையைக் கற்பனை செய்வது கடினமன்று: இரண்டு பெஞ்ச் வைஸ், ஒரு பழைய லேத், வெல்டிங் செட், பழுதான மோட்டார் பம்புகள், அரசுப் பள்ளியிலிருந்து வந்த உடைந்த பெஞ்சுகள், 1994 முதல் இவ்வூரில் இயங்கும் அரசுப் பொறியியல் கல்லூரியிலிருந்து மாலையில் வரும் சில மாணவர்கள். ஏட்டில் படித்த டாலரன்ஸ் அளவு, கையில் எப்படித் தட்டுப்படும் என்பதை ஐம்பத்திரண்டு வயது ஃபிட்டர் ஒருவர் அரை மணி நேரத்தில் காட்டிவிடுவார். இதற்குப் பணம் எங்கே என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அதன் அட்டவணையில் தொழிற்திறன் பயிற்சியும் மூத்தோருக்கான பகல் நேர மையங்களும் இடம்பெற்றுள்ளன. தன் ஊழியர்களுக்கு மட்டுமே பயன்படும் செலவு இக்கணக்கில் சேராது என்ற விதி, இங்கே தடையாகாமல் நன்மையாகவே அமைகிறது. பட்டறையை ஊர் முழுவதற்கும், எல்லாத் தெருவினருக்கும், பெண்களுக்கும் திறந்துவைத்தால்தான் அது கணக்கில் வரும்.

எச்சரிக்கை ஒன்றும் தேவை. கையில் மொத்தத் தொகையோடு நிற்பவர்கள் கூடும் இடத்துக்கு, அத்தொகையைத் தேடுபவர்களும் வருவார்கள். 2012-இல் அம்பலமான பெருந்துறை ஈமு கோழிப் பண்ணை மோசடி போன்றவற்றில் பணம் போட்டவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது பெரும்பாலும் தெரிந்தவர்களின் வாய்ச்சொல்தான். நடைக்குழுவிலோ வாசகர் வட்டத்திலோ முதலீட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று முதல் நாளே ஒரு விதி வைப்பது நாகரிகக் குறைவு ஆகாது.

தனிமையைச் சொந்த மனக்குறையாகக் கருதி ஒதுக்கிவிடும் காலம் போய்விட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் சமூகப் பிணைப்பு ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாகவும், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 இறப்புகள் அதனோடு தொடர்புடையவை என்றும் மதிப்பிட்டது. 2021-இல் 60 வயது கடந்தோரின் பங்கில் கேரளத்துக்கு அடுத்த இடத்தில், 13.6 விழுக்காட்டோடு தமிழ்நாடு இருந்தது. இந்த மாநிலத்தில் இடத்துக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. 2006 முதல் 2011 வரை செயல்பட்ட அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. அவற்றில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன, சில கிடங்குகளாகிவிட்டன. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் தீர்மானம் கொண்டுவர எந்த வாக்காளருக்கும் உரிமை உண்டு. பர்கூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் வாழும் முன்னாள் ஆலைத் தொழிலாளர்கள், அடுத்த கிராம சபையில் அந்தக் கட்டடத்தின் சாவியைக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவர வேண்டும். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு அது திறந்திருக்கும் என்பதையும் அத்தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும்.